மஸ்கட்டில் மீன் தொட்டி வாங்க வேண்டாம்

தூத்துக்குடி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மருமகன் கிளாட்வினுக்கு மாமா ஜெரால்டு எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் இங்கு நானும் உங்கள் மாமி ஆக்னசும் சுகம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மாமிக்கு முழங்கால் வழக்கம்போல. அங்கு நீங்களும் மகள் அனிஷாவும் பேத்தி அனுஜாவும் சுகமாக இருக்க தினமும் செபமாலையில் ஒரு பத்து மணி உங்களுக்கென்றே ஓடுகிறது. இது போனில் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், அனுஜா பக்கத்திலேயே நிற்பாள். அதனால் மஸ்கட் வருகிற பக்கத்து வீட்டு ஜாய்சன் கையில் கொடுத்தனுப்புகிறேன். தனியாகப் படிக்கவும்.

போன வெள்ளிக்கிழமை பேசும்போது அனுஜாவுக்கு அங்கேயே ஒரு மீன் தொட்டி வாங்கித் தரப்போவதாகச் சொன்னீர்கள். வேண்டாம் மாப்பிள்ளை. வாராவாரம் அவள் போனில் பார்க்க இங்கே ஒரு தொட்டி இருக்கிறதே, அது போதாதா? தொட்டி வாங்குவது சுலபம், அதற்குத் தண்ணீர் மாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. நீங்கள் விட்டுப்போன தொட்டியோடு இந்த நாலு மாதம் நான் பட்ட பாட்டை ஒளிக்காமல் எழுதுகிறேன். படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நீங்கள் காலண்டர் தாளின் பின்புறம் நாலு வரி எழுதித் தொட்டியில் ஒட்டிவிட்டுப் போனீர்கள். ‘வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்றவும்’ என்பது முதல் வரி. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. முப்பத்தொரு வருடம் கப்பலில் பம்ப்மேனாக இருந்தவனுக்கு நூறு லிட்டர் தண்ணீர் மாற்றக் காலண்டர் தாள் எதற்கு? சரக்கில்லாத கப்பல் ஆடாமல் போவதற்காக வயிற்றில் கடல் தண்ணீரை ஏற்றுவோம். ஒரு நாட்டுத் தண்ணீரை இன்னொரு நாட்டில் கொட்டக் கூடாது என்பதால் அதை நடுக்கடலில் மாற்றியாக வேண்டும். முழுசாகக் காலி செய்து புதுசாக நிரப்புவது ஒரு வழி, அடியிலிருந்து மூன்று மடங்கு தண்ணீரை ஏற்றிப் பழையதை மேலே வழியவிடுவது இன்னொரு வழி. கால் பங்கை மாற்றிவிட்டு முக்கால் பங்கு அழுக்கை வைத்துக்கொள்வதை எந்த கேப்டனும் ஒத்துக்கொள்ள மாட்டான்.

முதல் வாரம் முதல் வழி. டியூபை வாயில் வைத்து உறிஞ்சினேன், ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது, அதன் ருசியை எழுதவில்லை. மீன் மூன்றையும், அதாவது அனுஜா பெயர் வைத்த பொரி, சர்பத், முட்டைக்கண்ணில் தன் டீச்சரைப் பார்த்து அவள் ‘மிஸ்’ என்று பெயர் வைத்த அந்தக் கறுப்பு, இவர்களைக் கொஞ்ச நேரம் விட்டுவைக்கப் பாத்திரம் தேடினேன், கைக்குக் கிடைத்தது குழம்புச் சட்டி. நான் உள்ளே கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மாமி அடுப்படிக்கு வந்திருக்கிறாள். நம் வீட்டில் சட்டியில் மீன் கிடந்தால் அடுத்து என்ன செய்வது என்று அவள் கைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கல் உப்பைக் கொஞ்சம் அள்ளிப் போட்ட பிறகுதான் மிஸ் வாலை அடித்திருக்கிறது. “ஏங்க, சட்டிக்குள்ள உசுரோடல்லா கிடக்கு! என்னத்த பண்ணுதீய?” என்று மாமி போட்ட சத்தத்தில் தெருவே வந்துவிட்டது.

அடுத்த வாரம் இரண்டாவது வழி. மீனை வெளியே எடுக்கவே வேண்டாம் பாருங்கள். அடுப்படிக் குழாயில் ஹோஸை மாட்டி நுனியைத் தொட்டியின் அடியில் வைத்து, ஒரு மணி நேரம் என்று கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். வழிகிற தண்ணீர் பால்கனி ஓட்டை வழியாகப் போய்விடும் என்பது என் கணக்கு. எலி வருகிறது என்று அந்த ஓட்டையை மாமி துணி வைத்து அடைத்திருந்தது கணக்கில் வரவில்லை. துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்டாக இருக்கிற கீழ் வீட்டு இசக்கியப்பன் ஃபைலும் கையுமாகப் படியேறி ஓடிவந்தார். “அண்ணாச்சி, மேல என்ன கப்பலா விடுதீய? கீழ கம்ப்யூட்டர் மேல சொட்டுது!” என்றார். அந்த நேரம் பார்த்து சர்பத் தண்ணீரோடு வழிந்து வந்து செருப்பு கிடக்கிற இடத்தில் துள்ளிக்கொண்டிருந்தது. அவரே ஃபைலால் அதை அள்ளித் தொட்டியில் போட்டார். நல்ல மனுஷன், அதற்குப் பிறகு என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

சாயங்காலம் மூன்றும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பயந்துபோய் வண்ண மீன் கடைக்கு ஓடினேன். கடைக்காரப் பெண் ஜெயபிரியா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டது. “ஐயா, குழாத் தண்ணியில குளோரின் வருதுல்லா? அப்படியே விட்டா மீனுக்கு மூச்சு முட்டும். வாளியில பிடிச்சு ஒரு நாள் தொறந்து வைங்க. அதுலயும் கால் பங்குக்கு மேல மாத்தாதீங்க. ஃபில்டர் பஞ்ச என்ன செஞ்சீய?”

சோப்புத்தூள் போட்டு அலசி மொட்டைமாடியில் காயப்போட்டிருக்கிறேன் என்றேன். அந்தப் பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டது.

“அழுக்கத் தின்னுத நல்ல கிருமி அதுலதான் இருக்கும். தொட்டியில எடுத்த பழைய தண்ணியிலதான் அலசணும். இவ்வளவையும் உங்களுக்கு யாரும் சொல்லலையா?” என்றது.

மருமகன் நாலு வரி எழுதி ஒட்டியிருக்கிறார் என்று சொல்ல வாய் வரவில்லை. குளோரினை முறிக்கிற சொட்டு மருந்தையும் புதுப் பஞ்சையும் வாங்கிக்கொண்டு வந்தேன். மாமி போட்ட உப்பு மட்டும் கெடுதல் செய்யவில்லையாம். அதை மாமி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

மீன்கள் பிழைத்துக்கொண்டன. ஆனால் தண்ணீரிலேயே பிழைப்பு நடத்திய எனக்கே இந்தக் கதி என்றால், ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை செய்கிற உங்களால் முடியுமா? நீங்கள் இங்கே மூன்று வருடம் ஒரு மீனும் சாகாமல் பார்த்துக்கொண்டீர்கள் என்பது உண்மைதான். அது தாமிரபரணித் தண்ணீர். அங்கே கடல் தண்ணீரைச் சுத்திகரித்துத் தருகிறார்களாமே.

உண்மையையே எழுதிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை கூப்பிட்டதும் அனுஜா, “தாத்தா, போனைத் தொட்டிப் பக்கம் திருப்புங்க” என்பாள். இருபது நிமிடம் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் முகத்தை டாட்டா சொல்ல மட்டும்தான் பார்ப்பாள். எனக்கு அது போதும். அங்கேயே ஒரு தொட்டி வந்துவிட்டால் அவள் எதற்காக இங்கே கூப்பிடப்போகிறாள்? எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை.

அனிஷாவை வேளைக்குச் சாப்பிடச் சொல்லவும். குழந்தைக்கு எங்கள் முத்தம். மாதா உங்கள் மூவரையும் காத்துக்கொள்வாளாக.

இப்படிக்கு,
மாமா ஜெரால்டு

பின்குறிப்பு: உறையை ஒட்டும்முன் மாமி வாங்கிப் படித்தாள். “பிள்ள ஆசையா ஒண்ணு கேக்கு, அத வேண்டாங்கதுக்கா இத்தன பக்கம் எழுதுனீய?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். தொட்டியை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். வாயில் வைக்காமல், அமுக்கினாலே தண்ணீரை இழுக்கிற டியூப் ஒன்று ஜாய்சனிடம் கொடுத்திருக்கிறேன். தண்ணீர் மாற்றுவதை மட்டும் நீங்கள் அவளுக்குச் சொல்லித்தர வேண்டாம். அதற்கு என்னைக் கூப்பிடட்டும்.