சம்பந்தி அவர்களே, அது கொசு மருந்து வண்டி இல்லை

மாத்தூர்,
சனிக்கிழமை மாலை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. புருஷோத்தமன் அவர்களுக்கு,

வனமாமலை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், என் மனைவி சொர்ணம்மாள், கார் மூவரும் நலம். அங்கு சேரப்பணஞ்சேரியில் நீங்கள், சம்பந்தியம்மா, மாப்பிள்ளை பிரவீன், எங்கள் முத்துச்செல்வி எல்லோரும் நலம் என்பதை மதியமே போனில் தெரிந்துகொண்டேன். ஆனாலும் கடிதம் என்றால் கேட்டாக வேண்டும், கேட்டதாகக் கொள்ளவும்.

சொல்ல வேண்டியவை ஐந்து. குழப்பம் வரக் கூடாது என்பதால் முதலிலேயே எண் போட்டுவிடுகிறேன்.

1. என் கார் ஓடிவிட்டது.
2. ஓடுவதற்கு முன் நடந்தவை.
3. பனிக்கட்டி, டம்ளர் விஷயத்தில் நான் சொன்னதே சரி.
4. இன்று காலை உங்கள் தெருவுக்கு வந்தது கொசு மருந்து வண்டி இல்லை.
5. நாளை வளைகாப்பு முடிந்ததும் முத்துச்செல்வி என் காரில்தான் பிறந்த வீட்டுக்கு வருகிறாள்.

இதையெல்லாம் நேரில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். நேரில் நீங்கள் பேச ஆரம்பித்தால் என் வாய் தானாக "ஆமாங்க" என்று சொல்லிவிடுகிறது. பெண்ணைக் கொடுத்தவன் என்பதாலா, இயல்பே அப்படியா, தெரியவில்லை. உதிரிபாகக் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தபோது ஒரு திருகாணியைத் தள்ளுவதற்குக்கூட மூன்று முறை அளந்துவிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து, பாவம் அது நல்ல திருகாணியாக இருந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தவன் நான். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பது ஒரு வசதி. இதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்துக்கொண்டால் இந்தப் பத்தியை விட்டுவிட்டு மேலே படிக்கவும்.

ஓடிவிட்டது சம்பந்தி! பதினாலு வருஷமாக ஷெட்டில் கிடந்த பத்மினி கார், தன் சொந்தக் காலில் மாத்தூரிலிருந்து ஒரகடம் கூட்டு ரோட்டைத் தாண்டி உங்கள் தெரு வரை வந்து, திரும்பியும் போய்விட்டது. எழுதும்போதே பேனாவும் வேகம் பிடிக்கிறது. கோணல் எழுத்தைப் பொறுத்தருள்க.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று உங்களுக்கே தெரியும். நம் 'சொந்தங்கள்' வாட்ஸ்அப் குழுவில் நீங்கள், டம்ளரில் மிதக்கும் ஐஸ் உருகினால் தண்ணீர் வழிவதில்லை, அப்புறம் பனி உருகிக் கடல் எப்படி உயரும் என்று ஒரு செய்தியை அனுப்பினீர்கள். நான் இயற்பியல் எம்.எஸ்ஸி. படித்தவன், பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. மிதக்கும் பனி வேறு, தரைமேல் கிடக்கும் பனி வேறு. தரைமேல் உள்ளது உருகிக் கடலுக்குள் ஓடினால் கடல் உயரத்தானே செய்யும் என்று நிரூபிக்க, ததும்பத் ததும்பத் தண்ணீர் ஊற்றிய டம்ளருக்கு மேல் இட்லித் தட்டை வைத்து, தட்டில் ஐஸ் கட்டியை வைத்து, குழி ஓட்டை வழியே அது உருகிச் சொட்டுவதைப் படம் பிடித்தேன். தண்ணீர் வழிந்து, வளைகாப்புப் பட்டுப் புடவைக்கு சொர்ணம்மாள் வாங்கி வைத்திருந்த ரவிக்கைத் துணி நனைந்தது. "கடலு ஒசருதோ இல்லியோ, உங்களுக்கு இன்னைக்கு ராத்திரி சாப்பாடு கெடையாது பாத்துக்கிடுங்க" என்றாள். பசியோடு இரண்டு மணி நேரம் விளக்கம் தட்டச்சு செய்து, எழுத்துப்பிழை பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன். அதற்குள் யாரோ ஒரு தூரத்து உறவினர் காலமான செய்தி குழுவில் வந்திருக்கிறது. என் கட்டுரை சரியாக அதற்குக் கீழே போய் உட்கார்ந்தது. உங்கள் அக்கா அம்சவல்லி அம்மாள் உட்பட ஆறு பேர் என் கட்டுரைக்கு "ஓம் சாந்தி" என்று பதில் போட்டார்கள். நீங்கள் மட்டும்தான் படித்துவிட்டுப் பதில் எழுதினீர்கள். அந்தப் பதிலை நான் மறக்கவே மாட்டேன்:

"உலகமே சூடாவுதுன்றீங்களே சம்பந்தி, உங்க வண்டி இஞ்சின் மட்டும் பதினாலு வருசமா ஜில்லுனு கீதே, அது எப்படி?"

குழுவே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் பதில் சொல்லாமல் இருந்தால் பூமி தோற்றுவிடும் என்று தோன்றியதால், "வளைகாப்பன்று முத்துச்செல்வியை அந்தக் காரில்தான் அழைத்துப் போவேன்" என்று எழுதிவிட்டேன். உடனே நீங்கள், "அந்த வண்டி வந்து என் மருமவள ஏத்திகினு போச்சின்னா, பூமி சூடாவுதுன்னு நானே குரூப்ல போடறேன். இல்லன்னா, வெயிலு எப்பவும் போலத்தான்னு நீங்க போடணும். டீலா?" என்றீர்கள். ஒரு காலநிலை உண்மை என் கார்புரேட்டரை நம்பி நிற்கக் கூடாது என்று நான் பதில் தயாரித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் விரல் "ஆகட்டும்" என்று போட்டுவிட்டது. அழிக்கப் போனேன். சொர்ணம்மாள் எட்டிப் பார்த்து, "போட்டது போட்டாச்சுல்லா? இனி அழிச்சா அசிங்கம். போயி ஷெட்டைத் தெறங்க" என்று சொல்லிவிட்டாள்.

திறந்தேன். நான்கு டயரும் தோசையாகப் படுத்திருந்தன. பின் சீட்டுக்குள் இருந்த தேங்காய் நார் முழுக்கக் காணவில்லை, உறை மட்டும் மரியாதைக்கு இருந்தது. பெட்ரோல் டாங்கைத் திறந்தால் வார்னிஷ் வாசனை. படப்பையிலிருந்து மெக்கானிக் சின்னப்பையனை அழைத்து வந்தேன். பெயர்தான் அப்படி, என்னைவிட ஒரு வயது பெரியவர். காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "சார், பேட்டரி போச்சு, அவ்ளோதான். நான் சொன்னா சொன்னதுதான்" என்றார். புது டயர், புது பெட்ரோல், புது பேட்டரி எல்லாம் போட்டோம், அசையவில்லை. "காயிலு. நான் சொன்னா சொன்னதுதான்." காயில் மாற்றினோம். அப்புறம் பெட்ரோல் பம்ப், அப்புறம் பிளக், அப்புறம் "வாஸ்து சரியில்ல சார், வண்டிய கெழக்கால திருப்பி வெச்சிப் பாக்கலாம்" என்றார். நான் எதையெல்லாம் சோதித்தாயிற்று என்று அட்டவணை போட்டு ஷெட் சுவரில் ஒட்டினேன். அதைப் பார்த்து அவர், "இது இன்னா சார், மார்க் ஷீட்டா?" என்றார். எனக்கும் சந்தேகம் வந்து கிழித்துவிட்டேன்.

கடைசியில் என்ன ஆயிற்று தெரியுமா? வியாழக்கிழமை சின்னப்பையனுக்குக் கோபம் தலைக்கேறி, "இன்னாதான் பிரச்சன உனக்கு?" என்று சைலன்சரை ஓங்கி ஓர் உதை விட்டார். நான் பயத்தில் சாவியைத் திருப்பிவிட்டேன். டமார்! சீட்டில் காணாமல் போன தேங்காய் நார் எல்லாம் சைலன்சருக்குள் இருந்து பீரங்கிக் குண்டு போலப் பாய்ந்தது. பதினாலு வருஷமாக எலிகள் சீட்டைப் பிரித்துக் குழாய்க்குள் குடித்தனம் நடத்தியிருக்கின்றன! நார் உருண்டை, சொர்ணம்மாள் காயப்போட்டிருந்த கூழ் வற்றல்மீது புகைந்துகொண்டே போய் விழுந்தது. வற்றல் கறுத்தது. ஆனால் சம்பந்தி, இஞ்சின் ஓடுகிறது! டக டக டக என்று ஓடுகிறது! நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு எதற்கோ "தாங்க்ஸ், தாங்க்ஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். சின்னப்பையன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "பாத்தியா சார் டெக்னிக்கு? மொதல் நாளே உதைக்கலாம்னு இருந்தேன், நீதான் பேப்பர் ஒட்டிகினு இருந்தே" என்றார்.

நேற்று புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். இதைக் குழுவில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கிருந்தவர் குழாயில் கருவியை வைத்துவிட்டு எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சார், மெஷினே இருமுது" என்றார். கார்புரேட்டரைத் திருகி, மறுபடி போய், இரண்டாவது முறை தேறிவிட்டது. அங்கே வெளியே நிற்கும்போது ஒன்று யோசித்தேன். உங்கள் மாடியில் சோலார் தகடு, வாசலில் பேட்டரி கார், ஒரு பொட்டுப் புகை கிடையாது. ஆனால் பூமி சூடாகவில்லை என்கிறீர்கள். பூமி சூடாகிறது என்கிற நான் மெஷினை இரும வைக்கிறேன். இதைப் பற்றி மேலும் யோசிக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்று உண்டு. இந்தக் கார் ஷெட்டுக்குப் போனதே ஒரகடம் கூட்டு ரோட்டால்தான். முத்துச்செல்வி ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் விடக் கூட்டிப்போனேன், ஷிப்ட் மாறும் நேரத்தில் நட்ட நடுவில் நின்றுவிட்டது. நாலு பக்கமும் கம்பெனி பஸ்கள். பின்னால் புத்தம் புதிய கார்களை அடுக்கிக்கொண்டு வந்த ட்ரெய்லர். அந்த டிரைவர் தலையை நீட்டி, "பெரியவரே, அதையும் தூக்கி மேல வெச்சிக்கவா?" என்றார். அப்போது எனக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. சிநேகிதிகள் பஸ்ஸில் போகிறார்கள் என்று குழந்தை சீட்டுக்கு அடியில் குனிந்துகொண்டாள். பிறந்து மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவளை நான் ஏற்றி வந்த அதே சீட்டு. அன்றைக்கு ஷெட்டில் விட்டேன். அப்புறம் ஓய்வு பெறும்வரை எனக்கும் கம்பெனி பஸ்தான், பின்னாளில் அவளுக்கும் கம்பெனி பஸ்தான். அந்த பஸ்ஸில்தான் மாப்பிள்ளையை அவளாகவே பார்த்துக்கொண்டாள் என்பதால், அந்த ட்ரெய்லர் டிரைவருக்கு நாம் இருவருமே ஒரு வகையில் கடமைப்பட்டவர்கள்.

ஆகவே நாளை அவள் அந்த சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து அந்தக் கூட்டு ரோட்டைத் தாண்ட வேண்டும். பந்தயம், பனிக்கட்டி எல்லாம் அப்புறம்தான். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்: பூமி சூடானாலும் சரி, ஆறினாலும் சரி, எனக்கு இது நடந்தால் போதும். சீட்டுக்குப் புது நார் வைத்துத் தைத்தாயிற்று. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. குழுவை அவள் சத்தமில்லாமல் வைத்திருப்பதால் பார்ப்பதே இல்லை என்று மாப்பிள்ளை சொன்னார். அதனால் திடீரென்று போய் நிற்க ஆசை.

ஒத்திகை பார்க்காமல் நான் எதுவும் செய்வதில்லை என்பதால் இன்று காலை, டயருக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் புறப்பட்டேன். கூட்டு ரோட்டில் சிவப்பு விளக்கு. அதே ஷிப்ட் நேரம், அதே பஸ்கள். பக்கத்தில் வந்து நின்றது என்ன என்று நினைக்கிறீர்கள்? கார் ஏற்றிய ட்ரெய்லர்! இஞ்சின் ஒரு முறை விக்கியது. "வேண்டாம்மா, இங்கே வேண்டாம்" என்று காரிடம் கெஞ்சினேன். டிரைவர் தலையை நீட்டினார். வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன். "பெரியவரே! வண்டி சூப்பரா கீது! குடுக்கிறியா?" என்றார். "இல்லீங்க!" என்று கத்தினேன் சம்பந்தி. வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவரிடம் யோசிக்காமல் இல்லை என்று சொன்னேன். பச்சை விழுந்தது. போய்விட்டேன்!

அந்த வேகத்தில் உங்கள் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டேன். ராத்திரி நின்ற வண்டி காலையில் கொஞ்சம் புகை விடும்; இன்று கொஞ்சம் கூடுதலாக விட்டது. நீங்கள் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குள்ளே பார்த்து, "ஏய், கொசு மருந்து வண்டி வந்துட்சி, ஜன்னலெல்லாம் மூடு!" என்று கத்தினீர்கள். இறங்கி விளக்கம் சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்ததால், கொசு மருந்து வண்டி போலவே மெதுவாகத் தெருவைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விட்டேன். உங்கள் எதிர் வீட்டு அம்மாள், "சாக்கடையாண்ட நல்லா அடிச்சிட்டுப் போப்பா" என்று கேட்டுக்கொண்டார். அங்கே சற்று நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

நாளைக்கு நீங்கள் குழுவில் போட வேண்டிய செய்தியை, உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று நானே ஒரே வரியில் எழுதி வைத்திருக்கிறேன். எனவே தயாராக இருக்கவும்.

வளைகாப்பு சிறக்கவும், சம்பந்தியம்மாளின் முழங்கால் வலி குறையவும், பிள்ளையும் பெற்றவளும் சுகமாக இரு உயிராகவும் எங்கள் குலதெய்வத்தை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
வனமாமலை.

பின்குறிப்பு, ஞாயிறு காலை:

கார் முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது. குறை அதில் இல்லை. முத்துச்செல்வி இப்போதுதான் போன் செய்தாள். "அப்பா, நேத்து காலைல இங்க கொசு மருந்து அடிச்சுட்டாங்கப்பா. அந்த பெட்ரோல் வாடை வயித்தப் பொரட்டி நாலு தடவை வாந்தி, நீங்க பயப்படுவீங்கன்னு நேத்து போன்ல சொல்லலை. இன்னும் மூக்குலயே நிக்குது. வீட்டுக்கு வரும்போது மாமா காரை எடுத்துக்கலாம்பா, ஏசி போட்டுக்கிட்டு வந்துருவேன். உங்க மாப்பிள்ளையே ஓட்டுவாரு. உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள். "இல்லம்மா" என்றேன். எல்லாவற்றையும் சோதித்தேன், ஏறுகிறவளைக் கேட்க மறந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நான் பக்கத்திலேயே நிற்பேன். படித்து முடித்ததும் தயவுசெய்து உங்கள் கார் சாவியை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடவும். கொசு மருந்து பற்றி அவளிடம் சொல்ல வேண்டாம். நான் என் காரில், புகை அவள்மேல் படாத தூரத்தில் பின்னாலேயே வருகிறேன். கூட்டு ரோட்டில் மட்டும் அவளை ஒரு தடவை திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பந்தயப்படி "வெயில் எப்பவும் போலத்தான்" என்று குழுவில் போட்டுவிட்டேன். அம்சவல்லி அம்மாள் "ஓம் சாந்தி" என்று பதில் போட்டிருக்கிறார்.

முதல் பக்கத்தில் ஐந்தாவதாக எழுதியது தவறு. அதை அடித்துவிடவும். மூன்றாவதை அடிக்க வேண்டாம்.