குறையும் ஒரு கிண்ணம்

இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு இருநூற்றுப் பன்னிரண்டு கிண்ணம் கஞ்சி. மாவை நிறுத்துப் போட்டாயிற்று, தண்ணீரை அளந்து ஊற்றியாயிற்று. இருந்தும் வரிசையின் கடைசி ஆள் வந்து நிற்கும்போது அண்டா காலி.

"இன்னைக்குமா?" என்றார் அகதி முகாமின் சமையற்கூடக் கண்காணிப்பாளர்.

"ஒண்ணே ஒண்ணுதானே சார்," என்றாள் கஞ்சி ஊற்றும் அக்கா, அண்டாவைச் சாய்த்துச் சுரண்டியபடி.

கடைசியில் நின்ற கிழவர் வெறும் கிண்ணத்தோடு சிரித்தார். "விடுங்க தம்பி. வயித்துக்கும் ஒரு நாள் லீவு வேணாமா?"

திட்டியிருந்தால் கண்காணிப்பாளர் தாங்கியிருப்பார். சிரிப்புதான் அறுத்தது.

அவர் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. முதல் நாளே காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வெயிலில் நின்று, இதே அண்டாவுக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தார். சோறு போட வந்தவர் முகத்தில் சாப்பிட வந்தவர்கள் தண்ணீர் தெளித்தார்கள். அந்த மானக்கேட்டைக் கறாரால் கழுவிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தவருக்கு மேலதிகாரி அம்மாவிடமிருந்து கடிதம் வந்திருந்தது: 'வெள்ளிக்கிழமை வருகிறேன். அன்றும் குறைந்தால் இந்த அடுப்பை மூடி, அடுத்த முகாமோடு சேர்த்துவிடலாம்.'

அடுத்த முகாம் ஒரு மணி நேர நடை. கைக்குழந்தைக்காரிகள் எப்படிப் போய்வருவார்கள்?

கவலையோடு அறைக்குப் போனார். மேசையில் வழக்கம்போல் தட்டால் மூடிய கஞ்சிக் கிண்ணம் இருந்தது. அலுவலக ஏற்பாடு போலும் என்று அவர் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. குடித்து முடித்ததும் மூளை சுறுசுறுப்பானது. யாரோ இரண்டு தடவை வாங்குகிறார்கள்!

மறுநாள் கஞ்சி வாங்கிய ஒவ்வொருவர் விரலிலும் மை வைத்தார். பிள்ளைகளுக்கு அது ஒரே கொண்டாட்டம். ஒரு விரலில் மை வாங்கியதுகள் மீதி ஒன்பது விரலையும் நீட்டிக்கொண்டு வந்தன. அந்தத் தள்ளுமுள்ளில் ஒரு கிண்ணம் கொட்டி, குறை இரண்டானது.

"யாரு அக்கா ரெண்டு தடவை வாங்குறது?"

"சத்தியமா யாரும் வாங்கல சார்."

"அப்ப கஞ்சிக்குக் கால் முளைச்சு நடந்து போகுதா?"

"போகுது போல," என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சந்தேகம் அவள் கரண்டிமேல் பாய்ந்தது. வியாழக்கிழமை கரண்டியைத் தானே பிடுங்கிக்கொண்டார். ஆனால் மனுஷனுக்கு இளகின மனசு. இடுப்பில் பிள்ளையோடு வந்தவர்களுக்கெல்லாம் கை தானாகவே சற்றுச் சரிந்தது. முடிவில் ஐந்து பேருக்குக் கஞ்சி இல்லை.

"முதல் தடவைதானே சார், பழகப் பழகக் கை சரியா வரும்," என்று அந்த ஐவரில் ஒருத்தி ஆறுதல் வேறு சொன்னாள்.

அன்றும் மேசையில் கிண்ணம் இருந்தது. கோபத்தில் பசி கூடும். வழித்து நக்காத குறையாகக் குடித்தார்.

வெள்ளிக்கிழமை மேலதிகாரி அம்மா வந்துவிட்டார். கரண்டி அக்காவிடமே திரும்பியிருந்தது. கண்காணிப்பாளர் பக்கத்தில் நின்று முணுமுணுத்து எண்ணினார். இருநூற்றுப் பத்து... இருநூற்றுப் பதினொன்று... கரண்டி அண்டாவின் அடியில் கறகறவென்றது.

கடைசியாக நின்ற தையல்காரர் வெறும் கிண்ணத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தார்.

"ஒரு கிண்ணம் எங்க போச்சு?" என்றார் அதிகாரி.

"தெரியல மேடம்." கண்காணிப்பாளரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "தப்பு என்னோடது. என்னை மாத்துங்க, அடுப்பை மூடிடாதீங்க."

"அடுப்பை மூடுறதா?" தையல்காரரின் சிரிப்பு நின்றது.

"ஆமா. உங்களுக்கே கஞ்சி கிடைக்கல, புகார் எதுவும் இல்லையா?" என்றார் அதிகாரி.

அக்கா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். தையல்காரர் கேட்கவில்லை.

"இனிமே மறைச்சு என்னக்கா ஆகப்போகுது? அம்மா, இவரு வந்த அன்னைக்கே பசியில மயங்கி விழுந்தாரு. அதிலேருந்து தினம் எங்கள்ல ஒருத்தரோட கஞ்சி சார் மேசைக்குப் போயிடும், இன்னைக்கு என் முறை. அடுப்பை மூடாதீங்க, சாருக்கும் ஒரு ரேஷன் கார்டு போட்டுக் குடுத்துடுங்க!"