துரையின் படகும் தாழ்ப்பாள் ஆசாரியும்

கிள்ளான் ஆற்றங்கரையில் அந்தக் காலத்தில் துரைமாருக்குப் பயப்படாத ஆள் ஒருவர்தான். கவர்னரே வந்து நின்றாலும், அவர் கை எதுவரை எட்டும் என்றுதான் முதலில் பார்ப்பார். யாருக்கும் எட்டுகிற உயரத்தில் தாழ்ப்பாள் இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம்; அதனால் ஊர் வைத்த பெயர் தாழ்ப்பாள் ஆசாரி. சொந்தப் பெயரை எவனும் கேட்டதில்லை.

அவர் வேலை பார்த்த படகுப் பட்டறையில் நான் கிராணி, அதாவது கணக்கும் கடிதமும் எழுதுகிற குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸில் நடந்த என் கல்யாணத்துக்கு வந்தவர், "தங்கச்சிக்கு எட்டாது லா!" என்று மணப்பெண்ணைக் காட்டிச் சொல்லி, எங்கள் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றி ஒரு முழம் கீழே மாட்டிவிட்டுத்தான் பந்தியில் உட்கார்ந்தார். மாமனார் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் பாயசத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பட்டறை முதலாளி ஒரு வெள்ளைக்காரத் துரை; நேரில் மலாய் வழக்கப்படி 'துவான்' என்போம். அவருக்கு ஒரு பாய்மரப் படகு. அதன் உள்ளறைக் கதவு இடுப்புயரம். தாழ்ப்பாளோ உள்பக்கம், அடியில்! துரைக்கு உள்ளே இருக்கும் சோடா வேண்டுமென்றால் படகோட்டி சின்னையா கதவின் மேல் கவிழ்ந்து, கால் ஆகாயத்தைப் பார்க்கத் தொங்கித் திறக்க வேண்டும். ஒருநாள் அப்படித் தொங்கும்போது படகு சாய்ந்து, அலை அவரைத் தூக்கி ஆற்றில் போட்டுவிட்டது. பிழைத்தது தெய்வ புண்ணியம்.

மறுநாளே ஆசாரி யாரையும் கேட்காமல் தாழ்ப்பாளோடு ஒரு பித்தளைக் கம்பியை இணைத்து, பிடியைக் கதவின் மேல்விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார். நின்றபடியே இழுத்தால் போதும்.

துரை குதித்தார். "தேக்குக் கதவுலே யார் சொல்லி ஓட்டை போட்டே? புடுங்கு! இல்லே, வேலை போச்சு!"

"புடுங்க மாட்டேன் துவான். கம்பியைத் தொடாம, பழையபடி கையை விட்டு நீங்களே தொறந்து காட்டுங்க. அப்புறம் புடுங்கறேன்."

சின்னையா நடுங்கிப்போய், "எனக்கு எட்டுது துவான், எட்டுது" என்றார்.

"நீ சும்மா இருய்யா! உனக்கு நீச்சலே தெரியாது!" என்று அதட்டினார் ஆசாரி.

ரோஷம் வந்து துரை குனிந்தார். தொப்பை கதவில் மாட்டியது, கை பாதி தூரம்கூடப் போகவில்லை, தொப்பி உள்ளே விழுந்தது. நானும் சின்னையாவும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தோம். எழுந்தவர் வெறுந்தலையைத் தடவினார். அவசரத்தில் கம்பியை இழுத்துக் கதவைத் திறந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கம்பி தங்கிவிட்டது. ஆசாரிக்குச் சீட்டுக் கிழிந்தது.

"திமிர் பிடித்தவன் என்று எழுது" என்று, வேலையை விட்டுப் போகிறவனுக்குத் தரும் சான்றுக் காகிதத்துக்காக, ஆசாரியின் முன்னாலேயே துரை என்னிடம் உத்தரவு போட்டார். அந்தக் காகிதத்தைக் காட்டாமல் வேறு பட்டறையில் வேலை கிடைக்காது. நான் இங்கிலீஷில், 'இவரைவிட நல்ல ஆசாரி இந்த ஊரில் இல்லை' என்று எழுதினேன். துரை கோபத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

ஆசாரிக்கு இங்கிலீஷ் தெரியாது. காகிதத்தை வாங்கி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என்னைப் பத்தி நல்லா காரமா எழுதினியா, கிராணி?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே" என்றேன்.