சும்மா கிடந்த தெரு

காசிமேடு,
ஜூன் 2003

பெருமதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு ஜெயஸ்ரீ பணிவுடன் எழுதுவது. இங்கே உப்புக்காற்றில் துருப்பிடித்த கதவுக் கீல்களைத் தவிர மற்ற அனைவரும் நலம். பெரியம்மா உங்களை மறுபடியும் கடைக்கு அனுப்பத் தொடங்கியிருந்தால், உங்கள் முழங்காலும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மாடிக்கு வந்திருப்பவரும் காலி செய்தால் வீட்டைக் கன்டெய்னர் கோடவுன்காரர் துரைக்கு விற்றுவிட வேண்டியதுதான் என்று போனில் சொன்னீர்கள். பத்திரத்தில் உங்கள் பெயரும் நைனா பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. நீங்கள் அப்படிச் சொன்னதிலிருந்து அம்மா சமையலறைச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். எங்களுக்குப் போக வேறு வீடில்லை. ஆகவே நடந்ததை, சட்டக் கல்லூரியில் ஒப்பந்தச் சட்டம் படிப்பவள் என்ற முறையில், யார் பக்கமும் சாயாமல் எழுதுகிறேன். எங்காவது சாய்ந்தால் அது நைனா பக்கம் என்று அறிக.

குடிவந்திருப்பவர் பெயர் தங்கப்பாண்டி. விருதுநகர்க்காரர், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வேலை. பகல் முழுவதும் காதருகே இரும்புத் தகடுகள் விழுவதால், வீட்டில் அவர் வேண்டியது அமைதி ஒன்றைத்தான். அவர் மாடியைப் பார்க்க வந்தது மே மாதம். மே மாதம் என்றால் உங்களுக்குத் தெரியும், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக்கிடந்தன, ஏலம் இல்லை, ஐஸ் உடைக்கும் மெஷின் இல்லை, ஆட்டோ இல்லை, நாய் கூட நடுத்தெருவில் கால் நீட்டிப் படுத்திருந்தது. "தெருவுல சத்தம் இருக்குமா அண்ணாச்சி?" என்று அவர் கேட்க, நைனா ஒரு பெருமூச்சு விட்டு, "இன்னா சத்தம் சார், தெருவே சும்மா கீது" என்றார். நைனா சொன்னது, பிழைப்பில்லாமல் கிடக்கிறதே என்ற வருத்தம். தங்கப்பாண்டி காதில் விழுந்தது, அமைதியான தெரு என்ற உறுதிமொழி. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நாம கஷ்டத்த சொன்னா இந்தாளு சிரிக்கிறான் பாரேன்" என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டேதான் நைனா சாவியைக் கொடுத்தார்.

தடை முடிந்தது, படகுகள் போயின, திரும்பின. அந்த விடியலில் ஐஸ் மெஷின் கடகடவென்று தொடங்க, மீன்பாடி வண்டிகள் ஒன்றையொன்று திட்ட, ஆட்டோக்கள் பின்வாங்க, ஏலம் விடுபவரின் குரல் நம் மாடி ஜன்னலுக்குள் நேராக நுழைய, தங்கப்பாண்டி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு படியிறங்கி வந்தார். "என்ன அண்ணாச்சி இது?" நைனாவுக்கோ முகமெல்லாம் பல். "மீனு சார்! வஞ்சிரம் வந்துகினு கீது!" "தெரு சும்மா இருக்கும்னு சொன்னீகளே!" "இருக்கும்னு எங்க சொன்னேன்? கீதுன்னேன். அன்னிக்கி கீதா இல்லியா, நீயே சொல்லு சார்." "இப்படி ஏமாத்திப்புட்டீகளே!" "காசிமேட்டுல மீனு இருக்கும்னு சின்னக் கொயந்தைக்கும் தெரியுமே சார்?" "மீன் இருக்கும்னு தெரியும் அண்ணாச்சி. இந்தக் கத்து கத்தும்னு யாருக்குத் தெரியும்?" "மீனு எங்க கத்துது? ஏலம் உடுறவன்தான் கத்துறான்!"

மாதக் கடைசியில் காலி செய்வதாக அவர் சொல்லிவிட்டார். ஏமாற்றுக்காரன் என்ற பெயர் வந்ததில் நைனா இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாம் வேளை நெத்திலி என்பதால் சாப்பிட்டார். இருவரும் இப்போது நேரில் பேசுவதில்லை. "உங்க அப்பாட்ட கேளு பாப்பா", "அந்தாளாண்ட சொல்லு கண்ணு" என்று எல்லாம் என் வழியாகத்தான் போய் வருகிறது. நான் புத்தகத்தைப் புரட்டினேன். ஏமாற்றும் எண்ணமே இல்லாமல் ஒருவர் சொன்னது மற்றவரைத் தவறாக நம்ப வைத்திருந்தாலும், நம்பியவர் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாமாம். ஆனால் சாதாரண அக்கறையோடு விசாரித்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால் விலக முடியாதாம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீன் ஏலம் உண்டா என்று கண்டுபிடிக்க எவ்வளவு அக்கறை வேண்டும், பெரியப்பா? அதே சமயம், மனிதர் விசாரிக்காமலும் இல்லை. நம் நைனாவிடம்தானே விசாரித்தார்? இதைவிட என்னைத் தூங்கவிடாதது அந்தச் சொல். சும்மா வந்தேன், சும்மா கொடுத்தான், சும்மா இரு, சும்மா சொன்னேன். வேலையற்றதும் சும்மா, இலவசமும் சும்மா, பொய்யும் சும்மா. இப்படி ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நம் ஊரில் வாடகை ஒப்பந்தங்கள் எப்படித்தான் நிற்கின்றன என்பது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருக்கிறது. என் பாடப்புத்தகத்து வழக்குகளில் யாரும் சும்மா இருந்ததாகத் தெரியவில்லை.

என் முடிவு: நைனா பொய் சொல்லவில்லை, தங்கப்பாண்டி பொய்யாகக் கேட்டுவிட்டார். பேசிப் பார்க்கிறேன், இருந்துவிடுவார். அதுவரை துரையை இந்தப் பக்கம் அனுப்பாதீர்கள்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எங்கள் மேல் இருக்கட்டும்; கையெழுத்து மட்டும் எந்தப் பத்திரத்திலும் இப்போதைக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்
ஜெயஸ்ரீ

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் துரையே வந்துவிட்டார், நீங்கள் அனுப்பியதாக. வீட்டின் குறைகளை மறைக்கக் கூடாது என்று நான் நடத்திய பாடத்தால் நைனா திருந்தியிருந்தார். உப்புத்தண்ணீர், அடைத்த சாக்கடை, ஒழுகும் மாடி, ஏலச் சத்தம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். துரை சிரித்தார். "விக்காம இருக்க இவ்ளோ கொறை சொல்றியே தேசப்பா, இங்க ரோடு வந்து வெல ஏறப்போறது உனக்கும் தெரிஞ்சிபோச்சா? சரி, சொன்னதுக்கு மேலயே போட்டுத் தர்றேன்." நைனா பதறிப்போய், "ஐயோ, இல்ல சார், சொக்கத்தங்கம் சார் இந்த வூடு, ஒரு கொறையும் கெடையாது" என்று மாற்றிப் பேச, எதையோ மறைக்கிறார் என்ற சந்தேகத்தில் துரையின் சிரிப்பு நின்றது. படியிறங்கிய தங்கப்பாண்டியைப் பிடித்து, "நீ சொல்லு சார், வூடு எப்டி?" என்றார். வந்திருப்பது யார் என்று தங்கப்பாண்டி என்னிடம் கேட்டார், வீட்டை வாங்கி இடிக்கப்போகிறவர் என்று சொன்னேன். மனிதர் கொஞ்சம் யோசித்தார். "ரொம்ப அமைதிங்க" என்றார். "ஏலம் நடக்கும்போதா?" "வெளிய நடக்கும்ங்க. மாடிக்குள்ள போயிட்டா ஒண்ணும் கேக்காது. ஏன்னு மட்டும் கேக்காதீக." "ஏன்?" தங்கப்பாண்டி மாடியைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். "இடிக்கக்கூட ஆள் வரமாட்டானே" என்று முணுமுணுத்தபடி துரை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். "நானாப் போறது வேற பாப்பா, ஒருத்தன் போகச் சொல்றது வேற" என்று சொல்லிவிட்டு, தங்கப்பாண்டி ஒரு வருடத்துக்குப் போதுமான புளியை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார். நைனா ஒரு பக்கம் பிடிக்கிறார். ஆகவே மேலே நான் எழுதிய சட்டம் எதையும் பொருட்படுத்த வேண்டாம். நம் வீட்டில் பேய் இல்லை என்று துரையிடம் சொல்லவேண்டிய கடமை யாருக்கு என்று இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். பெரிய பாடம். படித்து முடிக்கும்வரை அவர் போனை எடுக்காதீர்கள்.