பக்கத்து அலமாரியின் இழுப்பறைகள்

பட்டியல் கேட்கும் கட்டளையைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்த மூத்த நிரலருக்கு, வாயிலிருந்த தேநீர் கசந்துபோயிற்று. அவருடைய டைரக்டரிக்குள் நாற்பது துணை டைரக்டரிகள். வந்து ஒரு வாரம்கூட ஆகாத புதியவருடையதில் இருநூறு!

கணினி மையத்தின் நடு அறையை அடைத்துக்கொண்டு நின்ற அந்தப் பெரிய கணினியில், டைரக்டரி என்பது ஆளுக்கொரு அலமாரி. துணை டைரக்டரி அதன் இழுப்பறை. பிறருடைய அலமாரியில் எத்தனை இழுப்பறைகள் என்பதை மட்டும் கணினி சொல்லும். உள்ளே இருப்பதைக் காட்டாது. அந்தக் காட்டாத பகுதிதான் அவர் வயிற்றை அதிகம் எரித்தது. மாதக் கடைசியில் தலைவர் ஓய்வு பெறுகிறார். காலியாகப்போகும் நாற்காலியின்மேல் இவருக்குப் பல வருடங்களாக ஒரு கண்.

"என்ன தம்பி, வேலை ரொம்பவோ?" என்று சிரிப்பை முகத்தில் ஒட்டவைத்துக்கொண்டு கேட்டார்.

"எல்லாம் உங்க புண்ணியம் சார்!" என்றார் புதியவர், கண்ணாடியைத் துடைத்தபடி.

'குத்திக் காட்டுறான் பாரு!' என்று மூத்தவர் பல்லைக் கடித்தார். அன்று மாலையே வெறும் துணை டைரக்டரிகளை வரிசையாக உண்டாக்கி, தம் கணக்கை முந்நூறுக்கு ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினார்.

காலையில் வந்ததும் கட்டளையைத் தட்டினார். புதியவருடையது ஐந்நூறு!

விடுவாரா? மாலைக்குள் தம்முடையதை ஆயிரமாக்கினார். மறுநாள் புதியவருடையது ஆயிரத்து ஐந்நூறு.

"ஏங்க, எதுக்கு நம்ம அலமாரி இழுப்பறையை எல்லாம் எண்ணிட்டு இருக்கீங்க?" என்றாள் மனைவி வீட்டில்.

"பக்கத்து வீட்டுல எத்தனை இருக்கும், சொல்லு பாப்போம்?"

"போய் முகத்தைக் கழுவிட்டு வாங்க, போங்க!"

மறுநாள் அவர் ஒரு சின்ன நிரலே எழுதிவிட்டார். அது ஒவ்வொரு இழுப்பறைக்குள்ளும் பத்து இழுப்பறைகளைச் செய்தது. அந்தப் பத்துக்குள்ளும் பத்துப் பத்தாகச் செய்தது. மாலையில் அதைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தார். காலையில் வந்தபோது பெரிய கணினி மூச்சுப்பேச்சில்லாமல் நின்றிருந்தது. தகவல் சேமிக்கும் வட்டில் எள் போட இடமில்லை.

"யாருய்யா இப்படி ரொப்பினது?" என்று தலைவர் வழுக்கையைத் தடவியபடி ஓடிவந்தார்.

மூத்தவருக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? "வேற யாரு சார்? நேத்து வந்த இவர்தான்! தினமும் எண்ணிக்கிட்டுதானே வரேன். என்னைவிட எப்பவும் இவரோடதுதான் அதிகம். இப்படிப்பட்டவரை நம்பி நாற்காலியைக் குடுத்தா மையம் என்னத்துக்கு ஆகும்?"

புதியவர் மறுபடி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். தலைவர் கூரையைப் பார்த்தார். காந்த நாடாக்களை வைக்கும் டேப் அறையைக் கவனித்துக்கொள்ளும் பெண்மணிதான், கையிலிருந்த டேப் சுருளை மேசையில் வைத்துவிட்டு, மூத்தவரைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்:

"அடுத்த தலைவர் நீங்கதான்னு முடிவாகி, உங்க வேலையில ஒரு எழுத்துகூடத் தொலையக் கூடாதுன்னு, தினமும் சாயங்காலம் உங்க அலமாரியை அப்படியே புதுசா ஒரு நகல் எடுத்து வைக்கச் சொல்லித்தான் நம்ம தலைவர் இவரை வேலைக்கே எடுத்தாரு; இவர் அலமாரியில இருக்கறது பூராவும் உங்களோடதுதான் அண்ணே!"