தக்காளிக்குப் போன ரெட்யூசர்

இந்தக் கோடையில் கிளெனிஸின் குளியலை ஒடுக்கியே தீருவது என்று முடிவெடுத்தேன்.

கிளெனிஸ் என் மனைவி. டப்போ நகருக்கு மேற்கே இருக்கும் எங்கள் வீட்டுக்கு மழைநீர்த் தொட்டிதான் கதி. மழைக்கோ எங்கள் முகவரி மறந்துவிட்டது. இவள் குளிக்கப் போனால் தொட்டித் தவளைகள் மூட்டை கட்டும். என் தக்காளிச் செடிகள் நாக்கைத் தொங்கப் போடும். ஊர்க் கண்காட்சியில் பெரிய தக்காளிக்கான நீல ரிப்பனை வருடா வருடம் எதிர்வீட்டு நெவில் தட்டிக்கொண்டு போகிறான். இந்த முறை அது எனக்கு வேண்டும்.

எனக்கு ரொட்டி ஆலையில் இரவு வேலை. காலையில்தான் பேச ஆள் கிடைக்கும். கிடைத்தால் விடமாட்டேன். குழாய் இணைப்புகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவிடுவேன்.

“இது எல்போ. குழாய் வளைஞ்சு போக. இது டீ. ஒரு குழாயை ரெண்டாப் பிரிக்க.”

“கோப்பையில இருக்கறதும் டீதான் மெர்வ். ஆறுது.”

“இது ரெட்யூசர். பெரிய குழாயில சின்னக் குழாயைச் சேர்க்க. தண்ணி ஒல்லியாயிடும்.”

“உன் தொண்டைக்கு ஒண்ணு மாட்டிக்கோயேன்.”

“இது யூனியன். குழாயை அறுக்காமலே கழட்டலாம், மாட்டலாம்.”

“யாரு வேணும்னாலுமா?”

“ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்சா போதும்.”

“அடேயப்பா!” என்றாள், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.

அவள் தேவாலயத்துக் கேக் விற்பனைக்குப் போன அன்று, தொட்டியடியில் குளியலறைக் குழாயின் ஒரு துண்டைக் கழற்றி, ரெட்யூசர் வைத்த துண்டை மாட்டினேன். பக்கத்திலேயே தோட்டத்துக் குழாய். அதே அளவு, அதே யூனியன். பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். நான் தூங்கும்போதுதான் எங்கள் வீட்டில் வாழ்க்கை நடக்கிறது.

கிளெனிஸ் ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லை. குளியலறையில் பாட்டு மட்டும் நீண்டுகொண்டே போனது. தக்காளிக்கு உரம் போட்டேன், குடை பிடித்தேன், கெஞ்சினேன். காய் கோலிக்குண்டு அளவைத் தாண்டவில்லை.

கண்காட்சியன்று போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன். மாலையில் கிளெனிஸ் வந்தாள். தலையணைமேல் நீல ரிப்பன்.

“முதல் பரிசு, கண்ணு!”

“எதுக்கு?”

“உன் தக்காளிக்கு.”

“அது கோலிக்குண்டு, கிளென்!”

“அதான் பொடித் தக்காளிப் பிரிவுல வச்சேன். நெவில் பொண்டாட்டி மூஞ்சியைப் பாக்கணுமே!”

“எப்படி இவ்வளவு பொடிசாச்சு?”

“குளிக்கிற தண்ணி ஒல்லியானதுமே தெரிஞ்சுபோச்சு. அந்தத் துண்டைக் கழட்டித் தோட்டத்துக் குழாய்க்கு மாத்திட்டேன். நீ ரொம்ப நல்லாச் சொல்லித் தர்றே.”

போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டேன். அவள் அதை விலக்கி நெற்றியில் முத்தமிட்டாள்.

“எழுந்து முகம் கழுவு ராசா. வாசல்ல நடுவர் நிக்கறார். இவ்வளவு சின்னதா நீ எப்படி வளர்த்தேன்னு உன் வாயால கேக்கணுமாம்.”