நான்கெல்லைக்குள் ஒரு பேய்

கன்னியாகுமரியில் தொடங்கி வடக்கே எதுவரை வேண்டுமானாலும் போய் விசாரித்துப் பாருங்கள். பேய்க்கதை எழுதியவர்கள் வண்டி வண்டியாகக் கிடைப்பார்கள். பேய் குடியிருக்கும் வீட்டுக்கு நான்கு எல்லையும் பிசகாமல் எழுதிவைத்த ஒரே மகான் எங்கள் திகிலார்தான்.

தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதை ஊர் மறந்து வெகுகாலம் ஆயிற்று. வடசேரியில் ரிஜிஸ்தர் கச்சேரிக்கு எதிரே ஓலைக்கொட்டகையில் ஏழெட்டுப் பேர் சாய்வு மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். வீடு விற்கிறவன், வயல் வாங்குகிறவன், பாகம் பிரிக்கிற அண்ணன் தம்பி எல்லோருக்கும் ஆதாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. ஆள் வராத நேரத்தில் நாங்கள் யோக்கியமாக வெற்றிலை போட்டு ஊர்வம்பு பேசுவோம். என் பக்கத்து மேசைக்காரரான திகிலார் மட்டும் நாவல் எழுதுவார்.

நாவலின் பெயர் ‘அரங்குவீட்டு அழுகுரல் அல்லது பொற்கொடியின் பழி’. அரங்கு என்றால் நெல்லும் பண்டபாத்திரமும் போட்டு வைக்கும் உள்ளறை. எங்கள் பக்கத்து வீடுகளில் ஜன்னல் இல்லாத அறை அது ஒன்றுதான். அதற்குள் அடைத்துக் கொல்லப்பட்ட பொற்கொடி என்ற பெண் ராப்பகலாக அழுகிறாள். குடிவருகிறவர்களை ஒவ்வொருவராகக் காவு வாங்குகிறாள். இதை முந்நூறு பக்கம் எழுதினார். அத்தனை பக்கத்தையும் அவருடைய மகள் செல்லம்மை உட்கார்ந்து நல்ல கையெழுத்தில் நகலெடுத்தாள்.

எழுத்தின் அழகைக் கேளுங்கள். நாவலின் முதல் வாக்கியம் இது: ‘மிஷன் பள்ளிக்கூடத்து சார் தென்னந்தோப்புக்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு, சந்தைக்குப் போகிற பாதைக்குக் கிழக்கு, உப்புக்கடைச் சுவருக்குத் தெற்கு, இந்நான்கெல்லைக்கு உட்பட்ட வீடும் கிணறும் அதில் தலைமுறையாகக் குடியிருந்து அனுபவித்துவரும் பேயும்.’ வாசித்தவன் எவனும் சந்தைக்குப் போகிற வழியில் அந்த வீட்டு வாசலில் போய் நிற்கலாம். அது திகிலாருடைய சொந்த வீடு!

“ஏன் வே, உமக்குக் கிறுக்கா?” என்று கேட்டேன். “மனசிலே ஒரு வீட்டைக் கட்டி அதிலே பேயைக் குடிவைக்கப்பிடாதா?”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “இல்லாத வீட்டுக்கு எல்லை எழுதினா அது கள்ள ஆதாரம் வே. இந்தக் கையி இருவது வருசத்திலே ஒரு கள்ள எல்லை எழுதினதில்லை.”

“அப்பம் வேற எவன் வீட்டையாவது எழுதித் தொலைச்சிருக்கலாமே.”

“அதுக்கு அவன் சம்மதம் வேண்டாமா?”

இப்படிப்பட்ட நியாயஸ்தரோடு என்ன பேசுவது?

புத்தகம் அச்சாகி வந்தது. முதலில் வந்தவர் கிழக்கு எல்லை, அதாவது மிஷன் பள்ளிக்கூடத்து சார். குடையை மடக்காமலே கொட்டகைக்குள் நுழைந்தார்.

“வேதக்காரனான என்னைப் போயி பேய்க்கு எல்லைக்கல்லா நட்டுப்போட்டீரே வே! ஞாயிற்றுக்கிழமை கோயில்ல அம்புட்டு பேரும் பிரசங்கத்தைக் கேக்காம என்னையில்லா திரும்பித் திரும்பிப் பாக்கானுவ!”

“எல்லை தப்பா இருக்கா சார்?” என்று திகிலார் மிகவும் பணிவாகக் கேட்டார்.

“சரியாத்தாம்வே இருக்கு! அதானே வயித்தெரிச்சல்!”

மறுவாரம் மீன்காரி அந்த வாசல்படி ஏறமாட்டேன் என்றாள். பாதையிலேயே நின்றுகொண்டு, “யம்மோ, சட்டியைக் கொண்டுகிட்டு நீங்க இங்க வாருங்க. பொற்கொடிக்குச் சாளைன்னா உசிராம்லா!” என்று கூவினாள். நாவலில் பொற்கொடி சாளைமீன் தின்பதாக ஒரு வரிகூடக் கிடையாது. வாசகர்கள் தாங்களாகவே சேர்த்துக்கொண்ட அத்தியாயம் அது. தபால்காரர் வாய்க்கால் மதகில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கடிதம் கொடுத்தார். திகிலாருக்கோ தலைகால் புரியவில்லை. “பாத்தீரா வே எழுத்தோட சக்தியை!” என்று என்னிடம் மார்தட்டினார். சக்தி எங்கே போய் இடிக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

இடித்தது செல்லம்மை மேல். பெண் பார்க்க வந்த முதல் கூட்டம் தெருமுனையில் விலாசம் விசாரித்தது. உப்புக்கடைக்காரர் விலாசத்தோடு கதையையும் சேர்த்துச் சொன்னார். வண்டி அப்படியே திரும்பிவிட்டது. இரண்டாவது கூட்டம் வாசல்வரை வந்து, காப்பி குடிக்காமல் போயிற்று. செல்லம்மைக்கு இருபத்திரண்டு வயதாயிற்று. அந்தக் காலத்தில் அது இரண்டு பிள்ளைக்குத் தாயாகியிருக்க வேண்டிய வயது. ஒருநாள் நான் அங்கே போயிருந்தபோது அவள் தகப்பனாரிடம் சாவகாசமாகக் கேட்டாள்: “அப்பா, பொற்கொடி எனக்கு மூத்தவளா, எளையவளா? வீட்டிலே கலியாணம் ஆகாத பொண்ணுக ரெண்டு பேரு இருக்கோமே, அதான் கேட்டேன்.”

திகிலார் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கும் அன்றைக்குக் கேலி வரவில்லை.

மூன்றாவதாகச் சுசீந்திரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார், தங்கமான பையன், செல்லம்மையைக் கோயில் தேரோட்டத்தில் பார்த்துவிட்டு இவள்தான் என்று நிற்கிறான். தகப்பனார் வயல்காரர், கறாரான ஆள். அவர் நேராகக் கொட்டகைக்கே வந்தார்.

“பெண்ணைப் பத்தி ஒரு குத்தமும் சொல்லமாட்டேன். ஆனா கலியாணம் பெண்வீட்டிலேதானே நடக்கணும்? எங்க வீட்டுப் பொம்பிளைக அந்த நடைக்குள்ளே கால்வைக்க மாட்டேங்காளுவ. நாலுபேரு மத்தியிலே நீரு ஒரு வார்த்தை சொல்லும். நான் எழுதினது பூரா பொய்யின்னு சொல்லும். நாளைக்கே தாம்பூலம் மாத்துவோம்.”

திகிலார் நெடுநேரம் பேனாவைத் துடைத்தார். “வீடு நெசம். எல்லை நெசம். அரங்கு நெசம். அவளை மட்டும் பொய்யின்னு எப்பிடிச் சொல்லுவேன்? நான் கண்ணால பாத்துல்லா எழுதியிருக்கேன்.”

அடப் பாவி மனுஷா! எனக்கு வந்த ஆத்திரத்தில் மைக்கூட்டை எடுத்து அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். சுசீந்திரத்துக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ஆவணி வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல எம் மவனுக்கு வேற இடம் பாக்கணும்” என்று சொல்லிப் போய்விட்டார்.

இந்தச் சமயத்தில்தான் சினிமா வந்து சேர்ந்தது. ஊமைப்படம் போய்ப் பேசும்படம் வந்த புதிது. எங்கேயோ வடக்கே ஒரு படக் கம்பெனி நாவலைக் கேட்டு முன்பே கடிதம் எழுதியிருந்தது. ஒப்பந்தத்தைத் திகிலாரே பதினான்கு ஷரத்து போட்டு எழுதி அனுப்பியிருந்தார். பாட்டைப் பற்றி ஒரு ஷரத்து போட மறந்துவிட்டார். கம்பெனிக்காரர்கள் அந்த ஓட்டையில் யானையையே ஓட்டிவிட்டார்கள். ‘பக்த பொற்கொடி’ என்ற பெயரில் படம் வடசேரித் தகரக் கொட்டகைக்கு வந்தபோது அதில் முப்பத்திரண்டு பாட்டு இருந்தது. “படத்திலே அந்தப் பேயி எப்பிடி இருக்குன்னு நானும் பாக்கேன். பாத்துட்டு முடிவு சொல்லுதேன்” என்று சுசீந்திரத்திலிருந்து சேதி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி. பெண்கள் பக்கம் செல்லம்மையும் அவள் தாயாரும், சுசீந்திரத்து வீட்டுப் பெண்களும். ஆண்கள் பக்கம் முன்பெஞ்சில் சுசீந்திரத்துக்காரர். பின்னால் நானும் திகிலாரும். கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை அவர் முந்தின நாளே வாங்கிப் பார்த்துக் கொதித்துப்போய், ‘இப்படத்துக்கும் என் நாவலுக்கும் யாதொரு சம்பந்தமும் பாத்தியதையும் இல்லை’ என்று ஒரு பக்கம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். இடைவேளையில் எழுந்து வாசிப்பதாக ஏற்பாடு.

படம் தொடங்கியது. வாய்க்கால்கரை வீடு இருக்கவேண்டிய இடத்தில் துணியில் வரைந்த அரண்மனை. காற்றடித்தால் தூண்கள் ஆடின. பொற்கொடியாக வந்த அம்மாள் நல்ல சாப்பாட்டுப் புஷ்டியோடு கழுத்து நிறைய நகை போட்டிருந்தார். ரத்தம் குடிக்கலாமா என்று அனுமதி கேட்டு ஒரு பாட்டு. கூடாது கண்மணி என்று கதாநாயகன் எதிர்ப்பாட்டு. அரங்குக்குள்ளிருந்து பயங்கரமாகப் பாய்ந்தபோது சேலை தடுக்கி, “அய்யோ” என்றார். அதையும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். கொட்டகை குலுங்கிற்று. சுசீந்திரத்துக்காரர் பெஞ்சில் அறைந்து அறைந்து சிரித்தார். அவர் வீட்டுப் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். அத்தனை சிரிப்புக்கும் நடுவில் திகிலார் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

இடைவேளை விட்டது. சுசீந்திரத்துக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். “வே, சத்தியமாச் சொல்லும். நீரு எழுதின பேயி இவதானா? இதுக்கா எங்க பொம்பிளைக பயந்து செத்தாளுவ?”

திகிலார் எழுந்து நின்றார். காகிதம் கையில் இருந்தது. பெண்கள் பக்கம் பார்த்தார், நானும் பார்த்தேன். அங்கே சிரிக்காத ஒரே முகம் செல்லம்மையுடையது. முந்நூறு பக்கத்தையும் நகலெடுத்தவள் அல்லவா! தகப்பனாருக்கு நேர்ந்த அவமானத்தைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

அவர் காகிதத்தை மடித்தார்.

“ஆமா. இவதான். வரிக்கு வரி நான் எழுதினது.”

“பாட்டுமா?”

“பாட்டும்தான்.”

“சவம், இதைச் சொல்ல இம்புட்டு நாளா உமக்கு!” என்று அவர் திகிலாரின் முதுகில் ஓங்கித் தட்டினார். “ஆவணியிலே முகூர்த்தம் வச்சுக்கிடுவோம் சம்மந்தி!”

மீதிப் படத்தைப் பார்க்காமல் நாங்கள் இருவரும் நடந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. வெகுதூரம் வந்தபிறகு அவர் மெதுவாகக் கேட்டார்: “இனிமே ஊரு பூரா அந்தப் பாட்டைப் பாடி என்னைக் கேலிபண்ணுவானுவ, என்ன வே?”

“பாடட்டும் வே,” என்றேன். பத்து வருஷமாக அந்த மனிதரைக் குத்திக்காட்டியே காலம் தள்ளின நான் அவர் தோளில் கையைப் போட்டேன். “நான் உம்ம பொற்கொடியை வாசிச்சவன். இன்னைக்கும் எங்க வீட்டு அரங்குக்குள்ளே தனியாப் போகமாட்டேன். நெல்லெடுக்கணும்னா எம் பொஞ்சாதியை முன்னால விட்டுட்டுத்தான் போறேன்.”

திகிலார் நடுரோட்டில் நின்றுவிட்டார். “நெசமாவா வே?” என்றார்.

ஆவணியில் அவர் மகள் கழுத்தில் தாலி ஏறினபோது பக்கத்தில்தான் நின்றேன். அப்போதுகூட அவர் முகத்தில் அன்றைக்கு நடுரோட்டில் கண்ட அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.